நேற்று நடந்ததை ஆங்கிலத்தில் சொல்ல

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ எந்தத் தோட்டத்துப் பாடசாலைப் பிள்ளையைக் கேட்டாலும் ‘கோ – வென்ட் – கோன்’ என்று மூச்சுவிடாமல் சொல்லிவிடும். ‘கம் – கேம் – கம்’, ‘டேக் – டுக் – டேக்கன்’ எல்லாம் மனப்பாடம். ஆனால், ‘நேற்று என்ன செய்தாய்?’ என்று ஆங்கிலத்தில் கேட்டுப் பாருங்கள். அதே பிள்ளை ‘ஐ வோஸ் கோ’ என்று தொடங்கி, பாதியில் நின்றுவிடும். பட்டியல் தெரியாததால் வந்த தடுமாற்றம் அல்ல இது. நடந்ததைத் தமிழில் சொல்கிற முறையும் ஆங்கிலத்தில் சொல்கிற முறையும் சில இடங்களில் பிரிந்து போகின்றன. அந்த இடங்களை யாரும் பிள்ளைக்குக் காட்டிக்கொடுப்பதில்லை. பட்டியலை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். பிரிகிற இடங்களைத்தான் இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம்.

ஆங்கிலச் சொற்களை உச்சரிக்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன். வாசிக்கும்போதே கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எழுத்துக்கூட்டலில் சந்தேகம் வந்தால் அகராதியைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

முதலில் ஒரு நல்ல செய்தி. தமிழில் ‘போ’ என்ற ஒரே வினைக்கு எத்தனை வடிவம்! போனேன், போனோம், போனாய், போனீர்கள், போனான், போனாள், போனார், போனது, போனார்கள். போனது யார் என்பதை விகுதியே சொல்லிவிடுகிறது. ஆங்கில இறந்தகாலத்தில் அந்த விகுதி கிடையாது. நான் போனாலும் வென்ட், துரை போனாலும் வென்ட், ஊரே திரண்டு போனாலும் வென்ட். நிகழ்காலத்தில் ‘ஹி’, ‘ஷி’ வந்தால் வினையின் கடைசியில் ‘எஸ்’ போட வேண்டும். அதை மறந்து புள்ளி இழக்காத பிள்ளை இல்லை. இறந்தகாலத்தில் அந்தத் தொல்லையும் இல்லை. ஒரே விலக்கு ‘வோஸ்’, ‘வேர்’ என்ற சோடி. ஐ, ஹி, ஷி, இட் வந்தால் வோஸ். வீ, யூ, தே வந்தால் வேர்.

விகுதி இல்லாததால் ஒரு கடமை கூடுகிறது. தமிழில் ‘போனேன்’ என்றாலே முழு வசனம். ஆங்கிலத்தில் வெறுமனே ‘வென்ட்’ என்று நிறுத்த முடியாது. போனது யார் என்று முன்னால் சொல்லியே ஆகவேண்டும். எழுவாய் இல்லாமல் ஆங்கில வசனம் நிற்காது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பெரும்பாலான வினைகளின் கடைசியில் ‘ஈ’, ‘டி’ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்தால் இறந்தகாலம் வந்துவிடும். தோட்டத்து வேலைகளைச் சொல்கிற வினைகளில் நிறைய இந்த வகைதான். கொழுந்து எடுப்பது பிளக், பிளக்ட். கவ்வாத்து வெட்டுவது ப்ரூன், ப்ரூன்ட். கன்று நடுவது ப்ளான்ட், ப்ளான்டெட். சுமப்பது கேரி, கேரீட். எழுதும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். ப்ரூன் போல ஏற்கெனவே ஈயில் முடிகிற சொல்லுக்கு டி மட்டும் போதும். கேரி போல மெய்யெழுத்துக்குப் பின் ‘வை’ வந்தால் அந்த வை, ‘ஐ’ ஆக மாறிவிட்டுப் பிறகு ஈடி சேரும். ப்ளே போல உயிரெழுத்துக்குப் பின் வந்த வை மாறாது. ஸ்லிப், ஸ்டொப் மாதிரியான குட்டைச் சொற்களில் கடைசி எழுத்து இரட்டிக்கும்.

எழுதுவதில் பிழைவிடாத பிள்ளையும் உச்சரிப்பில் பிழைவிடுகிறது. எல்லா ஈடியையும் ‘எட்’ என்றே வாசிக்கும் பழக்கம் நமக்கு உண்டு: ‘வோக்கெட்’, ‘பிளக்கெட்’, ‘ப்ரூனெட்’. ஈடிக்கு மூன்று ஒலிகள். வினை ‘க்’, ‘ப்’, ‘ஸ்’ போன்ற ஒலியில் முடிந்தால் ‘சட்டை’யில் வருகிற ‘ட்’ போலச் சுருக்கமாக முடிய வேண்டும்: பிளக்ட், ஸ்லிப்ட், வோக்ட். ‘ன்’, ‘ம்’, ‘ல்’ போன்ற ஒலியிலோ உயிரொலியிலோ முடிந்தால் ‘வண்டி’யில் வருகிற அந்த மெல்லிய ஒலி: ப்ரூன்ட், க்ளைம்ட், ப்ளேய்ட். எது எந்த வகை என்று அறிய, தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு ‘ஸ்ஸ்’ என்று சொல்லுங்கள், பிறகு ‘ம்ம்’ என்று சொல்லுங்கள். முதலாவதில் அதிர்வு இராது, இரண்டாவதில் இருக்கும். வினையின் கடைசி ஒலி அதிராவிட்டால் சட்டை, அதிர்ந்தால் வண்டி. வினையே ‘டி’ அல்லது ‘டீ’ ஒலியில் முடிந்தால் மட்டும்தான் தனியாக ஓர் அசை கூடி ‘எட்’ என்று கேட்கும்: ப்ளான்டெட், வோன்டெட், நீடெட். 2023இல், மலையக மக்கள் இந்த நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபயணம் நடந்தது. அதை ஆங்கிலத்தில் சொல்வதென்றால் ‘வீ வோக்ட் ஃப்ரம் தலைமன்னார் டு மாத்தளை’. வோக்ட் என்பது ஒரே அசை. வோக்கெட் என்று இரண்டாக உடைத்தால் கேட்பவருக்கு வேறு சொல் போலத் தோன்றும்.

ஈடி சேராத வினைகள் ஆங்கிலத்தில் சுமார் 200 உண்டு. அவை ஏன் அப்படி இருக்கின்றன என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். அடிக்கடி வாயில் புழங்குகிற பழைய சொற்கள் தங்கள் பழைய வடிவத்தை விடுவதில்லை. ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் பயன்படும் பத்து வினைகளை எடுத்தால், பீ, ஹேவ், டூ, சே, மேக், கோ, டேக், கம், சீ, கெட், பத்துமே ஒழுங்கில்லாதவை. தமிழிலும் இதே கதைதான். ‘வா’ எப்படி ‘வந்தான்’ ஆனது? ‘சா’ எப்படி ‘செத்தான்’ ஆனது? யாரும் நமக்கு விதி சொல்லித் தரவில்லை. வீட்டில் கேட்டுக் கேட்டு வந்தது. ‘வென்ட்’ என்பது உண்மையில் ‘கோ’வின் பிள்ளையே அல்ல. ‘வென்ட்’ என்ற ஒலியிலேயே, கடைசியில் டீக்குப் பதில் டி போட்டு எழுதுகிற இன்னொரு பழைய வினையின் இறந்தகாலம் அது. கோவுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. புதிதாகப் பிறக்கிற வினைகளுக்கோ பெரும்பாலும் ஈடிதான்: ‘கூகிள்ட்’. தமிழ் புதுச்சொல்லோடு ‘பண்ணு’வைச் சேர்த்துக்கொண்டு ‘டைப் பண்ணினேன்’ என்கிறதே, அதே வேலையை அங்கே ஈடி செய்கிறது.

இவற்றைப் பாடமாக்கும்போது அகரவரிசையில் போகாதீர்கள். ஒலி ஒத்தவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டால் காதே பிடித்துக்கொள்ளும். ட்ரிங்க் – ட்ராங்க், சிங் – சாங், பிகின் – பிகான் ஒரு கூட்டம். பை – போட், ப்ரிங் – ப்ரோட், திங்க் – தோட், டீச் – டோட், கேட்ச் – கோட் இன்னொரு கூட்டம். கட், புட், ஹிட், ஹர்ட், ஷட் ஆகியவை மாறுவதே இல்லை. ‘ரீட்’ எழுத்தில் மாறாது. வாசிக்கும்போது மட்டும் ‘ரெட்’ ஆகும். ‘ஃபோல்’ விழுவது, அதன் இறந்தகாலம் ‘ஃபெல்’; ‘ஃபீல்’ உணர்வது, அதன் இறந்தகாலம் ‘ஃபெல்ட்’. இந்த இரண்டும் பரீட்சைத் தாள்களில் ஓயாமல் இடம் மாறுகின்றன.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். தமிழில் ஒரு நாளைச் சொல்லச் சொன்னால் எப்படிச் சொல்வோம்?

“அம்மாயி விடிய நாலு மணிக்கு எழும்பி, அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, தேத்தண்ணி குடிச்சிட்டு, படங்கு கட்டி, கூடைய எடுத்துக்கிட்டு மலைக்குப் போனா.”

ஏழு வேலைகள். ஆனால் காலத்தையும் ஆளையும் சொல்கிற முற்றுவினை கடைசியில் ஒன்றே ஒன்று: போனா. மற்ற ஆறும் எழும்பி, மூட்டி, சுட்டு என்று வினையெச்சமாக வரிசையில் நிற்கின்றன. எந்தக் காலம் என்பதைக் கடைசி வினை தீர்த்துவைக்கும் வரை அவை காத்திருக்கும். ‘போனா’வை எடுத்துவிட்டு ‘போவா’ என்று போட்டால் ஏழும் சேர்ந்து மாறிவிடும். தமிழின் இந்த அமைப்பு அழகானது, சிக்கனமானது.

ஆங்கிலத்தில் இந்த வசதி இல்லை. ஒவ்வொரு வினையும் தன் இறந்தகாலத்தைத் தானே சுமக்க வேண்டும். தமிழ் வரிசை மனதில் ஓட, பிள்ளை எப்படி எழுதுகிறது? ‘மை கிரான்ட்மதர் கெட் அப், லைட் த ஃபயர், மேக் ரொட்டி, ட்ரிங்க் டீ, டேக் த பாஸ்கெட் அன்ட் வென்ட்.’ கடைசி வினையை மட்டும் சரியாகப் போட்டுவிட்டு மற்றவற்றை மொட்டையாக விட்டிருக்கிறது. இது கவனக்குறைவு அல்ல. தமிழ் இலக்கணத்தை அப்படியே பின்பற்றிய பிள்ளையின் ஒழுங்கு இது. ஆசிரியர் சிவப்புப் பேனாவால் ஐந்து இடத்தில் வெட்டி ‘டென்ஸ்’ என்று ஓரத்தில் எழுதினால் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. ‘தமிழில் கடைசி வினை மட்டும் காலம் காட்டும், ஆங்கிலத்தில் எல்லா வினையும் காட்டும்’ என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் விளங்கிவிடும்.

சரியாக எழுதினால்: ஷி கொட் அப் அட் ஃபோர் அன்ட் லிட் த ஃபயர். ஷி மேட் ரொட்டி அன்ட் ட்ராங்க் ஹெர் டீ. தென் ஷி டைட் ஹெர் படங்கு, டுக் ஹெர் பாஸ்கெட் அன்ட் வென்ட் டு த ஃபீல்ட். தமிழில் ஒன்றாக இருந்தது மூன்று வசனமானதைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் ஏழு வினைகளை ஒரே கயிற்றில் கோப்பது வாசிப்பவருக்குக் களைப்பு. இரண்டு மூன்றாக வெட்டிவிடுவதே நல்லது. இன்னொன்றையும் பாருங்கள்: ஏழு வினைகளில் ‘டைட்’ ஒன்றுதான் ஈடி சேர்ந்தது. மற்ற ஆறும் ஒழுங்கில்லாதவை. ஒரு தோட்டத்துக் காலைப்பொழுதைச் சொல்லவே இவ்வளவு தேவைப்படுகிறது என்றால், பட்டியலைத் தனியாக ஒப்பிப்பதைவிட இப்படி ஒரு கதைக்குள் வைத்துப் பழகுவது எவ்வளவு பயன் தரும்!

இரண்டாவது பிரிவு, வழக்கமாக நடந்ததைச் சொல்வது. “அப்பவெல்லாம் அம்மாயி நாலு மணிக்கே எழும்புவா. கைப்பிள்ளைய பிள்ளைக் காம்பராவுல விட்டுட்டு பெரட்டுக்கு ஓடுவா. மழையில கம்பளியப் போட்டுக்கிட்டு கொழுந்து எடுப்பா.” எழும்புவா, ஓடுவா, எடுப்பா எல்லாம் வடிவத்தில் எதிர்காலம், ஆனால் சொல்வது ஐம்பது வருடத்துக்கு முந்திய கதை. நாள்தோறும் நடந்ததை இந்த வடிவத்தில் சொல்வது தமிழின் வழக்கம். பிள்ளை இதை மனதில் வைத்து ‘ஷி வில் கெட் அப்’ என்று எழுதினால், வாசிக்கும் ஆங்கிலேயர் அம்மாயி நாளைக்கு எழும்பப் போகிறார் என்று நினைப்பார். ஆங்கிலத்தில் ஒரு தடவை நடந்தாலும் நாள்தோறும் நடந்தாலும் அதே சாதாரண இறந்தகாலம் போதும்: ‘எவ்ரி டே ஷி கொட் அப் அட் ஃபோர்.’ இப்போது அந்தப் பழக்கம் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல ‘ஷி யூஸ்ட் டு கெட் அப் அட் ஃபோர்’. அம்மாயி, தாத்தா, பழைய லயம், பழைய துரைமார் என்று மலையகத்தில் சொல்ல இருக்கும் கதைகளில் பாதி இப்படி ‘அப்பவெல்லாம்’ என்றுதான் தொடங்கும். ஆகவே எட்டாம் ஒன்பதாம் தரத்து ஆங்கிலப் பாடத்தில் இந்த ஒன்றுக்குத் தனியாக நேரம் ஒதுக்கலாம் என்பது என் எண்ணம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. தமிழில் இறந்தகால வடிவம் வருகிற எல்லா இடத்திலும் நடந்து முடிந்த விஷயம் இருக்காது. வாசலிலிருந்து கூப்பிட்டால் எழும்புவதற்கு முன்பே ‘இந்தா வந்துட்டேன்’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘ஐ கேம்’ என்றால் வந்து சேர்ந்தாயிற்று என்று பொருள். சொல்ல வேண்டியது ‘ஐ ஆம் கமிங்’. ‘கொழுந்து குறைஞ்சா அரைப்பேர்தான்’ (அரைநாள் சம்பளம்தான்) என்பதில் ‘குறைஞ்சா’ இறந்தகால அடியில் பிறந்த சொல். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் நிகழ்காலமே வரும்: ‘இஃப் ஷி பிளக்ஸ் லெஸ், ஷி கெட்ஸ் ஹாஃப் அ நேம்.’

எதிர்மறையில் மட்டும் இரண்டு மொழியும் கைகோத்து நடக்கின்றன. இதை ஏன் பாடத்தில் சொல்வதில்லை என்பது எனக்கு வியப்பு. ‘டிட் நொட் வென்ட்’ என்று எழுதாத பிள்ளை அரிது. ‘டிட்’ வந்தால் வினை பழைய நிலைக்குத் திரும்பிவிடும், ‘டிட் நொட் கோ’ என்றுதான் வரவேண்டும் என்று எத்தனை தடவை சொன்னாலும் மறந்துபோகிறது. தமிழைப் பாருங்கள்: ‘போகவில்லை’. இதில் ‘போக’ என்பதில் காலமே இல்லை. ‘போனவில்லை’ என்று எந்தப் பிள்ளையும் சொல்வதில்லை. ‘இல்லை’ வந்ததும் வினை தன் காலத்தை விட்டுவிடுகிறது. ‘டிட் நொட்’ வந்ததும் ஆங்கில வினையும் விட்டுவிடுகிறது. போகல, டிட் நொட் கோ. சாப்பிடல, டிட் நொட் ஈட். எடுக்கல, டிட் நொட் டேக். இந்தச் சோடிகளை ஒரு பத்துத் தடவை வாய்விட்டுச் சொன்னால் ‘டிட் நொட் வென்ட்’ தானாகவே காதுக்கு உறுத்தும்.

கேள்வியில் தமிழ் உதவாது. ‘போனியா?’ என்று இறந்தகாலத்தின் வாலில் ‘ஆ’ சேர்த்துக் கேட்கிறோம். ஆங்கிலம் கேள்வியிலும் டிட்டையே முன்னால் வைத்து வினையை மொட்டையாக்குகிறது: ‘டிட் யூ கோ?’ டிட் வந்துவிட்டால் அந்த வசனத்தில் இறந்தகாலம் சொல்லியாகிவிட்டது, இரண்டாம் தடவை வேண்டாம். வோஸ், வேர் மட்டும் டிட்டைக் கூப்பிடாது; தானே முன்னால் வந்துவிடும்: ‘வோஸ் ஷி அட் ஹோம்?’

‘இருந்தது’ என்ற சொல்லும் பிள்ளைகளை நன்றாக அலைக்கழிக்கிறது. தாத்தா கங்காணியாக இருந்தார் என்றால் ‘ஹி வோஸ் அ கங்காணி’. தோட்டத்தில் ஒரு பாடசாலை இருந்தது என்றால் ‘தேர் வோஸ் அ ஸ்கூல்’. எனக்குக் காய்ச்சல் இருந்தது, அவரிடம் காணி இருந்தது என்றால் வோஸ் வராது. ‘ஹேட்’ வரும்: ‘ஐ ஹேட் அ ஃபீவர்’, ‘ஹி ஹேட் சம் லேன்ட்’ (‘அ லேன்ட்’ என்று எழுதக்கூடாது). ‘எனக்கு’, ‘அவரிடம்’ என்று தமிழில் தொடங்கினால் ஹேட் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பிறந்ததைச் சொல்லும் இடத்திலும் ஒரு வழுக்கல். நான் பிறந்தேன் என்பதை ‘ஐ போர்ன்’ என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் பிறப்பது நாம் செய்கிற வேலை அல்ல, நமக்கு நடப்பது. ஆகவே ‘ஐ வோஸ் போர்ன்’. பூண்டுலோயாப் பக்கத்து மடக்கும்புர தோட்டத்தில் 1914இல் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. ஆசிரியராக இருந்தவர், தொழிற்சங்கத்துக்காரர், 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனவர். தோட்டத்து மக்களைப் பற்றி ஆங்கிலத்திலேயே எழுதினார். 1970இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தின் பெயர் ‘போர்ன் டு லேபர்’. அந்தத் தலைப்பில் ‘போர்ன்’ இறந்தகால முற்றுவினை அல்ல, அதனால்தான் முன்னால் ஆள் இல்லாமல் நிற்க முடிகிறது. அவரைப் பற்றி வசனம் எழுதும்போது மட்டும் ‘ஹி வோஸ் போர்ன் இன் 1914. ஹி டோட். ஹி ரோட் இன் இங்கிலிஷ்.’

அடுத்தது, ‘வந்தேன்’, ‘வந்திருக்கிறேன்’, ‘வந்திருந்தேன்’ என்ற மூன்றும். தமிழில் இவற்றை ஓரளவு தாராளமாக மாற்றிப் போடுகிறோம். ‘நேற்று உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன்’ என்பது இயல்பான, மரியாதையான தமிழ். அதை அப்படியே ‘ஐ ஹேட் கம் டு யுவர் ஹவுஸ் யெஸ்டடே’ என்று ஆக்குவது தெற்காசியா முழுக்கப் பரவிய பிழை. பட்டம் பெற்றவர்களின் கடிதங்களிலும் வரும். நேற்று என்று சொல்லியாகிவிட்டதா, ‘ஐ கேம்’ போதும். ‘ஹேட் கம்’, ‘ஹேட் லெஃப்ட்’ என்பதெல்லாம் நடந்த இரண்டு காரியங்களில் எது முந்தியது என்று காட்டத்தான்: ‘வென் ஐ ரீச்ட் ஹட்டன், த பஸ் ஹேட் லெஃப்ட்.’ நான் போய்ச் சேர்ந்ததும் நடந்தது, பஸ் போனதும் நடந்தது, பஸ் முந்திவிட்டது.

‘வந்திருக்கிறேன்’ என்பதற்கு ஹேவ், ஹேஸ். இதன் விதி கொஞ்சம் கடுமையானது: எப்போது நடந்தது என்று திகதியோ நேரமோ சொல்லிவிட்டால் ஹேவ் வரக்கூடாது. ஓர் உதாரணம் பார்ப்போம். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. மலையக மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பதென்றும் இரண்டு அரசும் முடிவு செய்தன. பாதி உறவு தலைமன்னாரில் கப்பலேறியது, பாதி உறவு இங்கேயே நின்றது. அப்படிப் போன ஒரு அத்தையைப் பற்றித் தமிழில் ‘1974லயே இந்தியாவுக்குப் போயிருக்கா’ என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் ஆண்டு வந்துவிட்டதால் ‘ஷி வென்ட் டு இந்தியா இன் 1974’ மட்டுமே சரி. ‘ஷி ஹேஸ் கோன் டு இந்தியா’ என்றால் ஆண்டு சொல்லக்கூடாது. அவள் இப்போது இங்கே இல்லை என்பதுதான் அதன் செய்தி. ‘மை ஆன்ட் லெஃப்ட். மை கிரான்ட்ஃபாதர் ஸ்டேய்ட்.’ ஒன்று ஒழுங்கில்லாத வினை, மற்றது ஈடி. எத்தனையோ குடும்பங்களின் வரலாறு இந்த இரண்டு வசனத்தில் இருக்கிறது.

‘இரண்டு நாளைக்கு முன்’ என்பதற்கு ‘பிஃபோர் டூ டேய்ஸ்’ என்று எழுதாதீர்கள். ‘டூ டேய்ஸ் அகோ’. சொல் வரிசைகூடத் தமிழைப் போலத்தான்: இரண்டு, நாள், முன்.

இதெல்லாம் பரீட்சைக்கு மட்டும்தானா? இல்லை. மலையில் வேலை செய்கிறவர்களைக் குளவி கொட்டுவது அடிக்கடி நடக்கிறது, உயிரும் போயிருக்கிறது. அப்படி நடந்தால் நடந்ததை எழுதிக்கொடுக்க வேண்டி வரும். அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதுவது உங்கள் உரிமை. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அந்த உரிமையை ஒருபோதும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் தனியார் கம்பனிக்கோ காப்புறுதிக்கோ ஆங்கிலத்தில் எழுத வேண்டி வருகிற வீடுகளில், எழுதப் போவது படிக்கிற பிள்ளைதான். வேலையில் காயப்பட்டால் நட்டஈடு கேட்க 1934இலிருந்தே சட்டம் உண்டு. என்ன நடந்தது, எப்போது, எந்த வரிசையில் என்று தெளிவாகச் சொன்னால்தான் அது கைகொடுக்கும். தெளிவு என்பது இங்கே இறந்தகாலம்தான்.

அம்மாவுக்காக ஒரு பிள்ளை எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வசனம் சூழ்நிலை: ‘ஒன் மண்டே மோர்னிங் மை மதர் வோஸ் ப்ளக்கிங் டீ.’ எடுத்துக்கொண்டிருந்தார் என்பதால் வோஸ் ப்ளக்கிங். ‘மண்டே மோர்னிங்’ என்ற இடத்தில் நடந்த நாளின் திகதியைப் போடுங்கள். அடுத்து நடந்தவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு சாதாரண இறந்தகாலம்: ‘அட் டென் ஓ க்ளொக், வோஸ்ப்ஸ் அட்டாக்ட் த வேர்க்கர்ஸ். தே ஸ்டங் ஹெர் ஒன் த ஹெட் அன்ட் நெக். ஷி ஃபெல் டவுன். டூ வேர்க்கர்ஸ் டுக் ஹெர் டு த ஹொஸ்பிட்டல். த டொக்டர் கெப்ட் ஹெர் ஃபோர் டூ டேய்ஸ். ஷி டிட் நொட் வேர்க் தட் வீக்.’ ஸ்டிங் – ஸ்டங், கீப் – கெப்ட். அலங்காரம் ஒன்றும் இல்லை. எவர் வாசித்தாலும் எது முதலில் நடந்தது, யார் தூக்கிக்கொண்டு போனார்கள், எத்தனை நாள் வேலை போயிற்று என்பது விளங்கும். ‘தே ஹேட் ஸ்டங்’, ‘ஷி வில் ஃபோல்’, ‘ஷி டிட் நொட் வேர்க்ட்’ என்று கலந்தால் வரிசை குழம்பும். குழம்பிய வரிசையைப் பிடித்துக்கொண்டே ஒரு கோரிக்கையைத் தட்டிக்கழிக்கலாம்.

எழுவாய் இல்லாமல் ஆங்கில வசனம் நிற்காது என்று முன்னால் சொன்னேன். லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்று எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது: ‘டெய்லர் ப்ளான்டெட் டீ.’ 1884இல் ரயில் ஹட்டனுக்கு வந்தது, அடுத்த ஆண்டு நானுஓயாவுக்கு வந்தது: ‘த ரெயில்வே ரீச்ட் ஹட்டன்.’ இலக்கணப்படி இரண்டும் சரியான வசனங்கள். காட்டை வெட்டியது யார், குழி தோண்டியது யார், கன்றைக் கையில் பிடித்து நட்டது யார் என்பது அவற்றில் இல்லை. தென்னிந்தியாவிலிருந்து நடந்தும் கடல் கடந்தும் வந்த நம் பாட்டன் பூட்டிகள்தான். ‘தே க்ளியர்ட் த ஃபொரஸ்ட். தே டக் த ஹோல்ஸ். தே ப்ளான்டெட் த டீ.’ இதுவும் அதே இலக்கணம்தான், எழுவாய் மட்டும் மாறியிருக்கிறது. இந்த மலைகளைப் பற்றி ஆங்கிலத்தில் இருக்கும் பழைய எழுத்தில் பெரும்பகுதி தோட்டத்துரைமாரும் பயணிகளும் எழுதியது. சி. வி. போல உள்ளிருந்து எழுதியவர்கள் மிகச் சிலர்.

பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் தோட்டப் பாடசாலைகளுக்கு வரும் இளம் ஆங்கில ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது. பட்டியலை ஒப்பிக்க வைக்கிற ஒரு வாரத்தை மட்டும் எடுத்து, பிள்ளைகளை வீட்டிலுள்ள மூத்தவரிடம் அனுப்புங்கள். எங்கே பிறந்தீர்கள், எத்தனை வயதில் பேர் பதிந்தார்கள், முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள், யார் போனார்கள், யார் நின்றார்கள் என்று ஐந்து கேள்வி கேட்டு வரட்டும். பதிலைத் தமிழில் எழுதி, முற்றுவினையின் கீழ் ஒரு கோடும் வினையெச்சத்தின் கீழ் இரண்டு கோடும் போட்டு, பிறகு எல்லாவற்றையும் ஆங்கில இறந்தகாலத்தில் எழுதட்டும். முதல் திருத்தத்தில் காலத்தை மட்டும் பாருங்கள்; எழுத்துக்கூட்டலை அடுத்த நாள் பார்க்கலாம். பெற்றோரே, பிள்ளை கொப்பியும் பேனாவுமாக வந்து அம்மாயி பக்கத்தில் உட்கார்ந்தால், வேறு வேலை சொல்லி எழுப்பிவிடாதீர்கள்.